எழுநூறு மில்லி

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
விஜயபுரத்தில் எங்கள் தெருக்குழாயில்
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்,
காலை ஐந்தே முக்காலிலிருந்து
அதுவாக நினைக்கிற வரை.

இருபத்திரண்டு வாளி பிடித்துத் தொட்டியில் ஊற்றுவேன்,
வலது கையால் மட்டும்.
இடது கையில் தமனியையும் சிரையையும்
ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.
காதை வைத்தால் கேட்கும்
மதகு இடுக்கில் தண்ணீர் நுழைகிற இரைச்சல்.
அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது,
கடிகாரம் கட்டக் கூடாது,
தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது.
களை பிடுங்கலாமா என்று கேட்டேன்.
டயாலிசிஸ் வார்டில் ஹபீப் யோசித்துவிட்டு
"கோரையைத் தவிர" என்றான்.

இருபத்தாறு வருஷம்
திருவாரூர் மன்னார்குடி தடத்தில் விசில் ஊதியவன்.
எண்பத்து நாலு பேர் ஏறிய வண்டியில்
ஒரு டிக்கெட் குறைந்தால் முதுகில் தெரியும்.
ஒரு நாளைக்குப் பதினோரு வாளி,
வெண்டைக்கு நாலு, பந்தலுக்கு ஐந்து,
மிச்சத்தைக் கத்தரியும் மிளகாயும் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு எழுநூறு மில்லி.
காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு
எல்லாம் அதற்குள்.
தையல்நாயகி காலையில் பாட்டிலில் அளந்து வைத்து
நான் குடிக்கக் குடிக்க
மார்க்கரால் கோடு போடுகிறாள்.
சண்டை போட்ட நாளிலும் குறைத்ததில்லை.
கொஞ்சிய நாளிலும் கூட்டியதில்லை.

ஒரே ஒரு மிளகாய்ச் செடி
நேற்று சாயங்காலம் இரண்டு லிட்டர் குடித்தது.
பொறாமை என்று சொல்ல முடியாது.
வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பூசணி இலையெல்லாம்
மடக்கிய குடையாகத் தொங்கும்.
முதல் வருஷம் பதறி ஓடி ஓடி ஊற்றி
வேரை அழுகவிட்டேன்.
இப்போது மண்ணுக்குள் விரலை இரண்டு கணு விடுகிறேன்.
ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிடுகிறேன்.
வெயிலுக்குக் குனிகிறது, அவ்வளவுதான்.
ஐந்து மணிக்கு மேல் தானே நிமிரும்.
செவ்வாயும் வெள்ளியும்
ரத்தம் நாலு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்தபின்
பஸ் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருக்கிறபோது
என்னையும் யாரும் எழுப்பி
"என்ன செய்யுது" என்று கேட்காமலிருந்தால் போதும்.

புடலம்பிஞ்சு சுருளாமலிருக்க
நுனியில் கல் கட்ட வேண்டும்.
பழைய சில்லறைப் பையில் கிடந்த
செல்லாத இருபத்தைந்து பைசாக்களை
துணியில் முடிந்து கட்டினேன்.
காற்றடித்தால் லேசாகக் குலுங்குகிறது,
பந்தலுக்குள் யாரோ
டிக்கெட் கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

தக்காளி கூடாது. கீரை கூடாது.
பொட்டாசியம் என்கிறார்கள்,
ஊர்ப்பேர் மாதிரி இருக்கிறது.
பீர்க்கங்காயை நறுக்கிக் கொதிக்கவிட்டு வடித்து
மறுபடி கொதிக்கவிட்டு வடித்து
சாரம் போன சக்கையில் உப்பில்லாமல் ஒரு கூட்டு.
வடித்த தண்ணீர் ஆறியதும்
பீர்க்கங்கொடி அடியிலேயே ஊற்றுகிறாள்.
எனக்கு ஆகாதது அதற்கு ஆகிறது.
அது மறுபடி காயில் ஏறி உட்காரும்.
நாங்கள் மறுபடி வடிப்போம்.

ஓடம்போக்கியில் ஸ்டம்பு நட்டிருக்கிறார்கள்.
மேட்டூரில் எத்தனை அடி என்று
பேப்பரைப் பார்த்துத் தினம் வாசிக்கிறாள் தையல்.
வயல் ஒரு குழி கிடையாது எங்களுக்கு.
ஆனாலும் வாசிக்கிறாள்,
ஆனாலும் கேட்கிறேன்.

ராத்திரி பதினொன்றுக்கு
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்.
பாட்டிலில் கடைசிக் கோட்டுக்குக் கீழே
ஒரு விரற்கடை, விடியற்கால மாத்திரைக்கு.
கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து
கொத்தவரைப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பேன்.
சாயங்காலம் விட்ட ஈரம்
உள்ளங்காலில் மெல்ல ஏறும்.

அது கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.
ஹபீபிடம் இன்னும் கேட்கவில்லை.